யாரிடமும் சொல்லாத இடம்

பண்ருட்டிப் பக்கம் வருவாய் ஆய்வாளராக இருந்த காலத்தில், ஒரு வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணத்துக்காக இடிந்த வீடுகளைப் பார்க்கப் போன தில்லைநாதன், ஒரு மண்சுவரின் முன் வெகுநேரம் குந்தியிருந்தார். வெள்ளம் எப்படி வந்தது, எப்படிச் சுவரை உருட்டியது என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே இல்லை. விழுந்து கிடந்த மண்கட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கிற கடப்பாரையைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. கட்டியில் இருந்த தடத்தில் கடப்பாரை நுனி கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்றிலிருந்து துறையில் அவருக்குக் 'கடப்பாரை' என்று பெயர். அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு அது தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு.

திருவதிகைக்குப் பக்கத்தில் கரும்பும் மணிலாக்கடலையும் போட்ட குடும்பம். அந்த வீட்டிலிருந்து அரசாங்க நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, படிப்படியாக ஏறி, வட்டாட்சியராகி, ஐம்பது வயதில் துணை ஆட்சியர் ஆனார். வெளியே போனால் யார் வீட்டிலும் டீ குடிக்க மாட்டார். சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்துதான் வரும். ஒரு மனுவைப் படிக்கும்போது அதில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை எழுதச் சொன்னவன் யார் என்றுதான் முதலில் யோசிப்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவரிடம் பயந்தார்கள். மேலே இருந்தவர்கள் அவரை நம்பினார்கள். இவரை ஏமாற்ற முடியாது என்ற பேச்சுதான் அவரை மேலே கொண்டுபோனது.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். அடுத்த பல நாட்கள் அவர் பார்த்ததை வீட்டில் சொன்னதே இல்லை. ஜீப் ஓட்டிய ராபர்ட் மட்டும் எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தான். கடலூர் ஓல்டு டவுன்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியில் பிணங்களை ஏற்ற யாரும் முன்வராதபோது அவன்தான் முதலில் இறங்கிக் கைகொடுத்தான். தில்லைநாதன் அவனைப் பாராட்டவில்லை. ஆனால் அந்த வாரம் முதல்முறையாகத் தன் சாப்பாட்டுக் கேரியரை அவன் பக்கம் தள்ளி வைத்தார்.

சில மாதங்கள் கழித்து, வீடிழந்த மீனவக் குடும்பங்களைக் குடியேற்றுவதற்காகத் தற்காலிகமாக ஒரு சிறப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. தில்லைநாதன்தான் அதற்குத் தலைமை. கடலுக்கு ரொம்ப தூரமும் இல்லாமல், அலை எட்டாத மேட்டில், நிலம் பார்த்து வாங்கித் தரவேண்டும். பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் முதல் இடத்திலேயே சிக்கியது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டால், முந்தின நாளே யாரோ அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிட்டதாகச் சொன்னார். அக்ரிமெண்ட் போட்டவன் கேட்ட விலை பல மடங்கு. இரண்டாவது இடத்திலும் அதே கதை. மூன்றாவதை அவர் இன்னும் போய்ப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் அங்கே யாரோ கல் நட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் பெயர் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு. பின்னால் இருக்கும் ஆள் ஒருவன்தான் என்று அவருக்குப் பட்டது.

தார்ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகைகளில் சனங்கள் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் அங்கே போனபோது, புருஷனையும் மகளையும் கடலுக்குக் கொடுத்த இருசம்மாள் என்ற பெண் ஜீப்பை மறித்து நின்றாள்.

"ஒவ்வொரு எடமா காட்டிக்கினே இருக்கீங்க. நீங்க எடம் சொன்னா மறுநாளே வெல ஏறுது. ஏத்துறதே நீங்கதான்னு ஊர்ல பேசிக்கிறாங்க, சார். நெசமா?"

அத்தனை வருஷ வேலையில் அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. வண்டியில் ஏறினார். போகும் வழியெல்லாம் முன்னால் தெரிந்த ராபர்ட்டின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடம் எது என்பது அவருடைய அலுவலகத்தில் மூன்று பேருக்கு மட்டும்தான் முன்கூட்டியே தெரியும். ஒருத்தி துணை வட்டாட்சியர் வெண்மதி. கெட்டிக்காரி, முப்பது வயதுக்குள் அந்த நாற்காலிக்கு வந்தவள். இன்னொருவர் சர்வேயர் வைத்திலிங்கம். யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற மனிதர். மூன்றாவது ஆள் ராபர்ட். மேலதிகாரியோடு இவர் போனில் பேசும்போதெல்லாம் ஜீப்பில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவன் அவன்தான். அந்த வருஷம் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். பெண்ணை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். எப்படி முடிந்தது என்று தில்லைநாதன் பேச்சுவாக்கில் கேட்டார். சம்சாரம் மகளிர் குழுவில் லோன் எடுத்தாள் என்றான். அந்தப் பதில் உடனே, தடையில்லாமல் வந்ததே அவருக்கு உறுத்தியது. யோசித்து வைத்த பதில் போல இருந்தது.

ஒரே வரிதான். இவருடைய பணி இந்த அலுவலகத்துக்குத் தேவையில்லை என்று எழுதி ராபர்ட்டைத் திருப்பி அனுப்பினார். காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாததால் ஊர் தானே ஒன்றை எழுதிக்கொண்டது. ராபர்ட்டைச் சிதம்பரத்தில் ஏதோ ஒரு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். போகும் நாளில் வந்து நின்று, "நான் என்னா சார் பண்ணேன்?" என்று மட்டும் கேட்டான். நிர்வாகக் காரணம் என்றார் இவர். அவன் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு பார்த்த இடத்திலும் விலை ஏறியது.

அப்போதுகூட ஆளை மாற்றி நினைத்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றவில்லை. ராபர்ட் தனியாள் இல்லை, கூட இன்னொருவர் இருக்கிறார் என்றுதான் தோன்றியது. நாற்காலியைத் திருப்பி வாசலைப் பார்க்கப் போட்டார். வெண்மதி செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனால், எத்தனை நேரம் பேசுகிறாள் என்று கவனித்தார். வைத்திலிங்கத்தின் சிரிப்புக்கு அர்த்தம் தேடினார். இருவருக்கும் அது புரிந்தது. அலுவலகத்தில் பேச்சே நின்றுபோனது. மத்தியானம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கடைசியில் ஒரு யுக்தி செய்தார். வெண்மதியைத் தனியாகக் கூப்பிட்டு, வடக்கே ஒரு இடம் அநேகமாக முடிவாகிவிட்டது, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். வைத்திலிங்கத்திடம் தெற்கே வேறொரு இடத்தைச் சொன்னார். இரண்டுமே பொய். எந்த இடத்தில் ஆள் நடமாட்டம் தெரிகிறதோ அது யாரிடம் சொன்னதோ அவர்தான் கள்ளன். ஒரு வாரம் காத்திருந்தார். இரண்டு இடத்திலும் ஆடு மேய்ந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேருமே சுதாரித்துக்கொண்டார்கள் என்றுதான் அப்போதும் அவர் நினைத்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு காலை மேலதிகாரி வீட்டுக்குப் போன் செய்தார். நிவாரணப் பொருள்கள் வைக்கக் கிடங்கு கட்ட வேண்டும். உள்ளே தள்ளி, மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு மனை இருக்கிறதாம், அலுவலகத்தில்கூடச் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். தில்லைநாதன் அலுவலகத்துக்குப் போனார், யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் ஜீப்பைக்கூட எடுக்காமல் டவுன் பஸ் பிடித்து மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கினார். நிலத்துக்காரர் பெயர் பக்கிரி. வரப்பில் நின்றிருந்த அவர் இவரைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"வாங்க சார். காலையிலேயே உங்க மச்சான் வந்து பேசிட்டுப் போனாரே. எங்க மாமாதான் ஆபீசர், அவரு வர்றதுக்குள்ள எழுதிக்குவோம்னு சொன்னாரு. நான்தான் நாளைக்குப் பார்க்கலாம்னு அனுப்பி வச்சேன்."

தில்லைநாதனுக்கு முதலில் பிடிபடவில்லை. எந்த மச்சான் என்று கேட்டார். பக்கிரி ஆளை விவரித்தார். நெற்றியில் தழும்பு, சிவப்பு வண்டி, பேச்சுக்குப் பேச்சு 'ஜாஸ்தி ஜாஸ்தி' என்று சொல்கிற வழக்கம். தில்லைநாதனின் மனைவி சௌந்தரத்தின் தம்பி இளவரசுதான். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் பக்கம் வண்டி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். தினமும் காலையில் அக்கா வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, கூடத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பான். தில்லைநாதன் சத்தமாகப் பேசுகிறவர். போனில் பேசினால் தெருவுக்குக் கேட்கும். அன்று காலை போனை வைத்த கையோடு, மத்தியானம் மேல்பட்டாம்பாக்கம் போறேன், சாப்பாடு கட்ட வேணாம் என்று சௌந்தரத்திடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. மற்ற இடங்களுக்கெல்லாம் வேறு வேறு ஆட்களை அனுப்பியவனுக்கு, அன்றைக்கு ஆள் பிடிக்க நேரமில்லை. தானே வந்துவிட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் இளவரசுவை வரச் சொல்லி அனுப்பினார். அவன் மறுக்கவில்லை. பயந்த மாதிரியும் இல்லை.

"இதுல என்னா மாமா தப்பு? எப்படியும் கவர்மெண்டு வாங்கத்தான் போவுது. எவனோ சம்பாதிக்கிறான். நம்ம ஆளு சம்பாதிச்சா என்னா?"

"அங்க சனங்க கொட்டாயில கெடக்குறாங்கடா."

"அதுக்கு நானா கடலை ஏவி விட்டேன்?"

தில்லைநாதன் அவனை வெளியே போகச் சொன்னார். சௌந்தரம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. "நீங்க போன்ல அவ்ளோ சத்தமா பேசாம இருந்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வார்த்தையை அவர் பல வருஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் காலையில் அவள் "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்தே கேட்கிறாளா, அந்த வருஷம்தான் கேட்க ஆரம்பித்தாளா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மறுநாளிலிருந்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். குற்றமில்லாதவளும் நிறுத்துவாள். குற்றமுள்ளவளும் நிறுத்துவாள்.

விடிந்ததும் அவர் மேலதிகாரியிடம் போய் நடந்ததை முழுக்கச் சொன்னார். மச்சான் பெயரைச் சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர், "நான் நம்பறேன், தில்லைநாதன். ஆனா வேற யாரு நம்புவா?" என்றார். அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம் என்று தில்லைநாதனுக்குத் தோன்றியது.

யாரும் நம்பவில்லை. மாமனும் மச்சானும் சேர்ந்து செய்த வியாபாரம், பங்கில் தகராறு வந்ததும் இவர் முந்திக்கொண்டு நல்லவர் வேஷம் போடுகிறார் என்று பேச்சு கிளம்பியது. 'பதினேழு பி' என்றாலே அரசு ஊழியர்கள் நடுங்குவார்கள். வேலையையே பறிக்கக்கூடிய குற்றச்சாட்டு அது. அது அவர் பெயருக்கு வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுபோனது. அவரைச் சிதம்பரத்தில், முடிந்துபோன நில எடுப்பு வழக்குகளைப் பார்க்கும் ஒரு பிரிவில் போட்டார்கள். வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. குடியேற்ற வேலையை வெண்மதி ஏற்று நடத்தினாள். மேட்டில் ஒரு நல்ல இடம் பார்த்து, யாருக்கும் மூச்சு விடாமல் வாங்கி முடித்தாள். இருசம்மாளுக்கு வீடு கிடைத்தது. அந்தத் திறப்பு விழாவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினார். சனிக்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறுவார், திங்கட்கிழமை காலை திரும்பி வருவார். புது அலுவலகத்தில் அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். அவர் நீட்டிய கோப்புகளை வாங்குகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை புரட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கித் தரச் சொன்னார். வயிறு சரியில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டார்கள். பல வருஷம் அவர் மற்றவர்களுக்குச் சொன்ன அதே பதில்.

ராபர்ட் அதே வளாகத்தில் வேறொரு அலுவலகத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். முதல் சில மாதம் இருவரும் பார்த்தும் பாராதது போல் போனார்கள். பிறகு ஒரு மத்தியானம் தில்லைநாதனே அவனிருந்த வேப்பமரத்தடிக்குப் போனார். தப்பு என்னுடையது, உன்மேல் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று சொன்னார். அவன் வண்டியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க நம்பலன்றதகூட விடுங்க, சார். ஆபீசர் காரணமில்லாம அனுப்ப மாட்டாருன்னு எங்க வூட்ல நெனச்சிக்கினாங்க. வாங்குனத எங்க வச்சிருக்கன்னு என் சம்சாரம் ரெண்டு வருசமா கேட்டுக்கினு இருக்கா. நீங்க வந்து சொல்லுங்க அவகிட்ட."

தில்லைநாதன் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்குப் போய், அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். தலையாட்டினாள். காபி கொடுத்தாள், யார் வீட்டிலும் குடிக்காதவர் வாங்கிக் குடித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பிய ராபர்ட், தாழ்ந்த குரலில், அவள் இப்போது வேறு மாதிரி நினைக்கிறாள் என்றான். இவ்வளவு பெரிய ஆபீசர் வீடு தேடி வந்து சொல்கிறாரே, இரண்டு பேருக்கும் நடுவில் என்ன உடன்பாடோ என்று.

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. விசாரணை அதிகாரி மணவாளன், தில்லைநாதனைப் போலவே கேள்வி கேட்கிறவர். மச்சான் பெயரில் இருந்த நிலம், மனைவி பேரில் இருந்த நகை, மகள் கல்யாணச் செலவு என்று ஒவ்வொன்றாக நோண்டினார். தில்லைநாதன் எரிச்சல் படவில்லை. சில கேள்விகளின் கூர்மையைப் பார்த்து, நல்ல கேள்வி என்றுகூட மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் இளவரசுவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். தில்லைநாதன் எதிரே உட்கார்ந்திருந்தார். மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கிரி ஏற்கெனவே தான் கண்டதைச் சொல்லிவிட்டதால், இளவரசுவுக்கும் மறைக்க ஒன்றுமில்லை. மாமா போனில் பேசுவதை நான்தான் கேட்டேன், அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கே அடித்துத் துரத்தியிருப்பார் என்றான். அது போதும்தான். ஆனால் மணவாளன் விடவில்லை.

"உங்க அக்காவுக்கு?"

இளவரசு எதிரே இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். முழுக்கக் குடித்துவிட்டு, "அக்காவுக்கும் தெரியாது" என்றான்.

எழுதிக்கொண்டிருந்தவர் பதிலை மட்டும் எழுதினார். டம்ளரைத் தில்லைநாதன் மட்டும்தான் பார்த்தார்.

2010இல் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று ஆணை வந்தது. நின்றுபோன பதவி உயர்வு அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து வந்தது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நாளில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சேதம் பார்க்க அவரைப் போட்டார்கள். வண்டிக்கு யார் வேண்டும் என்று கேட்டபோது ராபர்ட் பெயரைச் சொன்னார். அவன் வந்தான். விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, வயல் வழியாகவும் வாய்க்கால் கரையாகவும் வண்டியை ஓட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குப் போன் வந்தால் போதும், ராபர்ட் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, பேச்சு காதில் விழாத தூரத்துக்குப் போய் நிற்பான். மழை தூறினாலும் நிற்பான். இரு, பரவாயில்லை என்று அவர் பலமுறை சொன்னார்.

"வேணாம் சார். எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது" என்றான்.

அதன்பிறகு அவர் வண்டியில் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

2012 கோடையில் ஓய்வு பெற்றார். வழக்கமான மாலை, சால்வை. வெண்மதி அதற்குள் வட்டாட்சியராகியிருந்தாள். மேடைக்கு வந்து, அவரிடம் வேலை கற்றதாகச் சொன்னாள். என்ன கற்றாள் என்று சொல்லவில்லை. கீழே உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் சிரித்துக்கொண்டே கைதட்டினார்.

ஆவணி மாதம் இளவரசுவின் பெண்ணுக்குக் கல்யாணம். இளவரசு இப்போது வண்டிக் கடையையும் விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய அரிசி மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் தில்லைநாதன் போனதில்லை. சௌந்தரம் பத்திரிகையைக் காட்டி ஒன்றும் கேட்கவில்லை. நீ போயிட்டு வா என்றார். நீங்க வரலன்னா நானும் போவல என்றாள். அது தன்மேல் உள்ள மரியாதையா, வேறு ஏதாவதா என்று அவர் மனம் உடனே எடைபோட ஆரம்பித்தது. வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மண்டபத்தில் இளவரசு வந்து கும்பிட்டான். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. இவர் தலையசைத்தார். தாலி கட்டி முடிந்து கூட்டம் கலைந்தபோது, மண்டபத்தின் மூலையில் ஒரு தூண் பக்கம் அக்காளும் தம்பியும் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சௌந்தரம் கண்ணைத் துடைத்தாள். இளவரசு எதையோ சொல்லி அவள் கையைப் பிடித்தான். தூணுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நாற்காலிகள் காலியாக இருந்தன. அங்கே போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும்.

தில்லைநாதன் எழுந்து பந்திக்குப் போனார்.